14 வருஷம் கழித்து வந்த ஐந்தாம் பாகம்: மாறியது அவளா, எழுத்தாளரா, நானா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 13 வயதில் நான்கு பாகத் தொடர் ஒன்றைப் படித்தீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி எடுப்பீர்கள், நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கம் மனப்பாடம். 14 வருஷம் கழித்து அதே எழுத்தாளர் ஐந்தாம் பாகம் எழுதினார். வந்த அன்றே வாங்கி இரண்டு ராத்திரியில் முடித்தீர்கள், முடித்தபோது உங்கள் தோழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரோ வந்து பேசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. எழுத்தாளருக்குக் கை போய்விட்டதா, காசுக்காக எழுதினாரா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஆறாம் பாகத்தைப் படிக்கலாமா, இப்போதுதான் முதல் பாகத்தை எடுத்திருக்கும் 12 வயதுத் தங்கையிடம் ஐந்தாவதைப் பற்றிச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவுக்கும் அடியில் ஒரு பயம் தெரிகிறது: நான் அன்றைக்கு நேசித்தது நிஜமாகவே அந்தப் பக்கங்களில் இருந்ததா, இல்லை சின்ன வயசு மயக்கமா? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் இளையோர் நாவல்களைச் செம்மையாக்கும் வேலையில் 19 வருஷமாக இருக்கிறேன். கைப்பிரதி வந்ததும் முதல் ஆளாகப் படிப்பது, எழுத்தாளரோடு உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுவது, யாருக்கு என்ன வயது, யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அட்டவணை போட்டு வைப்பது, இதெல்லாம்தான் என் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு வந்த தொடர்ச்சிகள் மூன்று என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்று நன்றாக அமைந்தது, ஒன்று சுமார், மூன்றாவதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் தொடரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, அதனால் அந்தப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

காசு விஷயத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு எழுதியவரின் உள்நோக்கம் இதுதான் என்று சொல்ல இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. பணத்துக்காக ஆரம்பித்து அருமையாக வந்தது உண்டு, உயிரைக் கொடுத்து எழுதியும் எடுபடாமல் போனது உண்டு. லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' அவர் ஆசைப்பட்டு எழுதத் தொடங்கிய புத்தகம் இல்லை, பதிப்பாளர் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டார், வீட்டிலும் பணத்தேவை இருந்தது, எழுதினார். முதல் பாகம் 1868-இல் வந்தது, இரண்டாம் பாகம் 1869-இல். அப்படிப் பிறந்த கதை 150 வருஷம் தாண்டியும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அதே ஆல்காட் 1886-இல், அதாவது 17 வருஷம் கழித்து, அந்த நான்கு சகோதரிகளின் குடும்பத்தைப் பற்றிய கடைசிப் புத்தகமாக 'ஜோஸ் பாய்ஸ்' எழுதினார். தாமதமான தொடர்ச்சி என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். முதல் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் அதில் கடைக்குட்டி ஏமியையும் அம்மாவையும் தேடினால் கிடைக்க மாட்டார்கள், பேருக்கு வந்து போவார்கள். ஏன் என்று ஆல்காட்டே முன்னுரையில் சொல்லியிருக்கிறார்: ஏமிக்கு முன்மாதிரியாக இருந்தவள் இறந்துவிட்டாள், பக்கத்தில் இருந்து யோசனை சொல்லவும் தன் பெயரில் வரும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் அவள் இல்லாதபோது முன்போல எழுத முடியவில்லை, அம்மாவின் விஷயமும் அப்படித்தான் என்று. அவருடைய தங்கை மே 1879-இல் இறந்தாள், அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், நிலநடுக்கம் ஒன்றை வரவழைத்து கதை நடக்கும் பள்ளிக்கூடத்தையே பூமிக்குள் புதைத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த வீட்டுக்குத் திரும்பச் சொல்லி வாசகர்கள் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் போனால் வீட்டில் ஆள் இல்லை. 14 வருஷத்தில் உங்கள் எழுத்தாளர் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது, அது நமக்கு வேண்டியதும் இல்லை. ஆனால் "கை போய்விட்டது" என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கதையை எழுத வைத்தவர்களில் யாரெல்லாம் இன்னும் கூட இருக்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். இளையோர் தொடர்களின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, இதை நான் உறுதியாகச் சொல்வேன். இந்தக் கதைகளை ஓட வைப்பது வில்லனோ மந்திரமோ இல்லை, ஒரு பிள்ளை ஆளாகிற அந்த நகர்வுதான். முதல் பாகத்தில் எதையும் தனியாக முடிவு செய்யத் தெரியாதவள் கடைசிப் பாகத்தில் யாராலும் எடுக்க முடியாத ஒரு முடிவை எடுக்கிறாள், அங்கே கதை நிற்கிறது, அங்கே நிற்பதுதான் சரி. அதற்கப்புறம் அவளை மறுபடி நடக்க வைக்க வேண்டும் என்றால் எழுத்தாளர் வேறு எதையாவது தேட வேண்டும். முன்கதைக்குப் போகலாம், நடுவில் விட்டுப்போன வருஷங்களை நிரப்பலாம், அடுத்த தலைமுறையைக் கொண்டுவரலாம், அல்லது அதே ஆளை வயதானவராக நம் முன்னால் நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. முன்கதை என்றால் முடிவு நமக்குத் தெரியும். 'ஹங்கர் கேம்ஸ்' தொடருக்குச் சுசான் காலின்ஸ் 2020-இல் எழுதிய முன்கதை, நாயகி காட்னிஸ் கலந்துகொண்ட 74-ஆவது உயிர்ப்போட்டிக்கு 64 வருஷம் முன்னால் போய், பின்னாளில் கொடுங்கோல் அதிபராகும் ஸ்னோவை 18 வயதுப் பையனாகக் காட்டுகிறது. அவன் என்ன ஆவான் என்று தெரிந்தேதான் படிக்கிறோம், அதனால் முழுப் பாரமும் "எப்படி ஆனான்" என்பதன் மேல்தான். நடுவில் நிரப்புவது இன்னும் கஷ்டம். எல். எம். மாண்ட்கமரி ஆன் என்ற பெண்ணின் கதைகளை 1908-இல் தொடங்கி 1921-இல் ஆனின் மகள் வரைக்கும் கொண்டுபோய் முடித்துவிட்டு, 1936-இலும் 1939-இலும் திரும்ப வந்து நடுவில் இரண்டு புத்தகங்களைச் செருகினார். முதலாவதில் ஆன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்த மூன்று வருஷம். கலகலப்பான அத்தியாயங்கள் இருக்கின்றன, ஆனால் முன்னும் பின்னும் ஆணி அடித்தாகிவிட்டது, ஆன் அதில் மாறவே முடியாது. அந்தப் புத்தகங்களைப் படித்து "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவோ இல்லை" என்று சொல்பவர்கள் அந்த ஆணியைத்தான் உணர்கிறார்கள் என்பது என் கணிப்பு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது கடைசி வகை, அதே ஆளை வயதாக்கியது. இதில் வரும் ஏமாற்றத்தை இரண்டாகப் பிரிக்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, வேலையில் ஒவ்வொரு தடவையும் கைகொடுத்தது: அவள் மாறிவிட்டாள் என்பது புத்தகத்துக்குத் தெரியுமா?

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். மேலே சொன்ன மூன்றில் நன்றாக அமைந்த ஒன்று, அதன் முதல் கைப்பிரதி நன்றாக இல்லை. பழைய பாகங்களில் வரும் பெண்ணுக்கு ஒரு பழக்கம், பொய் சொல்லும்போது வாக்கியத்தை முடிக்க மாட்டாள். "நான் அங்கே போனப்போ..." என்று இழுத்துவிட்டு நிறுத்துவாள். எழுத்தாளர் எங்கேயும் அதை விளக்கியதில்லை, ஆனால் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும், முற்றுப்புள்ளி இல்லாத இடத்தில் அவள் பொய் சொல்கிறாள் என்று. புதிய கைப்பிரதியின் 40-ஆம் பக்கத்தில் அவள் ஒரு அதிகாரியிடம் ஒரு முழுப் பத்தி பொய் சொல்கிறாள், கோர்வையாக, தடுமாறாமல், ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்புள்ளியோடு. நான் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். எழுத்தாளரிடம் கேட்டபோது, "அவளுக்கு இப்போ முப்பது வயசு, கத்துக்கிட்டா" என்றார். "சரி, கத்துக்கிட்ட நாளைக் காட்டுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழைய பாகங்களை எழுதி முடித்ததற்கப்புறம் அவற்றைத் திரும்பப் படிக்கவே இல்லை என்று பிறகுதான் சொன்னார், அந்தப் பழக்கம் அவருக்கே மறந்துபோயிருந்தது. பத்து நாள் கழித்து அந்தப் பத்திக்கு முன்னால் நான்கே வரி சேர்த்து அனுப்பினார். ஒருமுறை அவள் இழுத்து நிறுத்தியதால் கூட இருந்தவன் பிடிபட்டுப்போனான், அன்று ராத்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாக்கியங்களை முடித்து முடித்துப் பழகினாள் என்று. அதே பொய், அதே பத்தி. அந்த நான்கு வரிக்கு அப்புறம் படித்தால் நெஞ்சு கனக்கிறது.

புத்தகத்துக்குத் தெரியாத மாற்றம் என்பது பிழை. எழுத்தாளர் மறந்துவிட்டார், கைப்பிரதியைப் படித்தவர்கள் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அதில் வரும் கோபம் நியாயமானது, அதற்காக உங்களையே சந்தேகிக்க வேண்டியதில்லை. புத்தகத்துக்குத் தெரிந்தே நடக்கும் மாற்றம் வேறு. அங்கே எழுத்தாளர் உங்களோடு வாதம் செய்கிறார், சில சமயம் தன் பழைய புத்தகத்தோடேயே சண்டை போடுகிறார். அதுவும் வலிக்கும், ஆனால் அந்த வலிக்குப் பெயர் வேறு.

தெரிந்தே செய்ததற்குப் பெரிய உதாரணம் உர்சுலா லெ குவின். எர்த்ஸீ என்ற மந்திரத் தீவுலகக் கதைகள் மூன்று 1968-இலிருந்து 1972-க்குள் வந்தன. மூன்றாவதன் முடிவில் பெரிய மந்திரவாதி கெட் தன் சக்தியையெல்லாம் செலவழித்துவிட்டு, இளம் அரசன் முன்னால் மண்டியிட்டுவிட்டு, டிராகன் மேல் ஏறிப் போய்விடுகிறான். அப்புறம் என்ன ஆனான் என்பதற்குப் புத்தகமே இரண்டு கதை சொல்கிறது, பாட்டில் பாடுவது ஒன்று, அவன் பிறந்த தீவில் சொல்வது வேறொன்று. 18 வருஷம் அது அப்படியே இருந்தது. 1990-இல் 'தெஹானு' வந்தது. அதில் கெட்டுக்கு மந்திரம் துளியும் இல்லை, அவமானத்தில் ஒளிந்து திரிகிறான். பழைய கதையில் இருட்டுக் கல்லறைகளின் பூசாரியாக இருந்த டெனார் இப்போது நடுத்தர வயது விதவை, பண்ணை வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள், சொந்தக்காரர்களே நெருப்பில் தள்ளி முகம் வெந்துபோன ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கடல் பயணம் இல்லை, மந்திரப் பள்ளி இல்லை. முதல் தடவை 17 வயதில் படித்தபோது எனக்கு ஏறக்குறைய துரோகம் செய்துவிட்டதாகவே பட்டது. ஆனால் தற்செயலாக எதுவும் நடக்கவில்லை, ஒவ்வொன்றையும் தெரிந்தே செய்திருக்கிறார். 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசியபோது அவரே விளக்கினார்: முதல் மூன்றும் ஆண்களின் வீரகதை மரபுக்குள் நின்று எழுதியவை, அந்த மரபை அப்போது தான் கேள்வி கேட்கவில்லை, அதே உலகத்தை அதிகாரம் இல்லாதவர்களின் பக்கத்திலிருந்து பார்க்க இத்தனை காலம் ஆயிற்று என்று.

நான் அதை 34 வயதில் மறுபடி படித்தபோது மிகவும் பிடித்துப்போனது, உண்மை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு "பாருங்கள், வயதானால் புரியும்" என்று உங்களுக்குப் புத்தி சொல்ல மாட்டேன், அந்த மாதிரி ஆறுதல் எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் 'தெஹானு'வின் முடிவு 17 வயதில் எனக்கு அவசரமாகப் பட்டது, இப்போதும் அவசரமாகத்தான் படுகிறது. புத்தகம் முழுக்க மந்திரம் காப்பாற்றாது என்று பொறுமையாகக் காட்டிவிட்டு, கடைசியில் குழந்தை கூப்பிட்டதும் டிராகன் வந்து கெட்டவர்களை எரித்துவிடுகிறது, சில பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த வயதில் நான் சொன்ன குறைகளில் பாதி என் ஆசையிலிருந்து வந்தவை, ஒன்று சரியான குறை. 13 வயது வாசகர்கள் நிறையத் தப்பாகப் படிப்பார்கள், ஆனால் கட்டுமானத்தில் விரிசல் இருந்தால் பெரியவர்களைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை என் கைப்பிரதிகளை முன்கூட்டிப் படித்துத் தரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆலன் கார்னர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1960-இலும் 1963-இலும் கோலின், சூசன் என்ற இரண்டு பிள்ளைகளை வைத்து இரண்டு மாயக் கதை எழுதியவர், 49 வருஷம் கழித்து 2012-இல் 'போன்லேண்ட்' என்ற மூன்றாவதை எழுதினார். கோலின் இப்போது வானியலாளர், ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் வேலை. 13 வயதுக்கு அப்புறம் நடந்த அத்தனையும் ஞாபகம் இருக்கிறது, அதற்கு முன்னால் நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லை. தொலைந்துபோன சகோதரி சூசனை நட்சத்திரக் கூட்டத்தில் தேடுகிறான். நாம் நேசித்த இரண்டு புத்தகங்களும் அவனுக்கு ஞாபகம் இல்லாத அந்தப் பகுதிக்குள்தான் இருக்கின்றன. மூன்றாவது சாகசம் வேண்டும் என்று ஆசையாக எடுத்தவர்களுக்கு அது கல் மாதிரி கடினமான, பெரியவர்களுக்கான நாவல், ஏமாந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்துக்குத் தன் வாசகன் எதை இழந்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரியும். பிலிப் புல்மனும் அப்படித்தான். 2000-இல் முடிந்த 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' முத்தொகுதியின் நாயகிச் சிறுமி லைராவை 2019-இல் வந்த புத்தகத்தில் 20 வயதுப் பெண்ணாகக் கொண்டுவந்தபோது, "இது எங்கள் லைரா இல்லை" என்று வாசகர்கள் மனம் நொந்தார்கள். அவளோடு பிறந்து அவள் உயிரின் பாதியாக விலங்கு உருவில் கூடவே இருக்கும் பான் அதையேதான் சொல்கிறது, உன் கற்பனையைத் தேடப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு அவளை விட்டுப் போய்விடுகிறது. வாசகனின் புகாரையே கதையாக வைத்திருக்கிறார். அது பிடிக்கலாம் பிடிக்காமல் போகலாம், ஆனால் மறதி என்று சொல்ல முடியாது.

இன்னொரு வகை ஏமாற்றம் உண்டு, அதில் யாருமே மாறுவதில்லை. லோயிஸ் லோரியின் 'த கிவர்' 1993-இல் வந்தது, கடைசியில் ஊரைவிட்டுத் தப்பி ஓடும் சிறுவன் ஜோனாஸ் பனியில் குழந்தையை அணைத்துக்கொண்டு சறுக்கி இறங்குகிறான், கீழே வெளிச்சம் தெரிகிறது, இசை கேட்பதுபோல் இருக்கிறது. பிழைத்தானா இல்லையா என்று ஒவ்வொரு வாசகரும் தனக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அப்புறம் வந்த புத்தகங்கள், 2012-இல் வந்த நான்காவது உட்பட, பிழைத்தான் என்று சொல்லிவிட்டன. நல்ல செய்திதான், ஆனால் அந்த முடிவைத் தானே சுமந்துகொண்டிருந்தவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டதுபோலவும் இருக்கும். உங்கள் நான்காம் பாகம் இப்படித் திறந்த முடிவோடு நின்றிருந்தால், உங்கள் வருத்தத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். அது ஐந்தாம் பாகத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பதிப்பு வேலையின் உள்ளே இருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும், இது எங்கள் பக்கத்துக் குறை. ஒரு எழுத்தாளரின் முதல் புத்தகத்தை நான்கு தடவை திருப்பி அனுப்புவோம். யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் அவசரமும் இல்லை. 14 வருஷம் கழித்து ரசிகர் கூட்டத்தோடு அவர் திரும்பி வரும்போது வெளியீட்டுத் தேதி முதலில் முடிவாகிவிடுகிறது, அட்டைப்படம் அறிவித்தாகிவிட்டது, முன்பதிவு ஓடுகிறது, கைப்பிரதி அதற்கப்புறம்தான் வருகிறது. எங்களில் பலர் அவர் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர்கள், அவரிடம் போய் "இந்த அத்தியாயம் வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. நான் வருத்தப்படுவதாகச் சொன்ன அந்த மூன்றாவது கைப்பிரதி ஒரே ஒரு சுற்றில் அச்சுக்குப் போனது. 60 பக்கம் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. வாசகர்கள் பிறகு அதே 60 பக்கத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். எல்லாப் பதிப்பகத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது, நான் பார்த்தது இது. உங்கள் ஐந்தாம் பாகம் முந்தையவற்றைவிடக் கனமாக இருந்து, நடுவில் இழுத்தால், கை போனது எழுத்தாளருக்கு மட்டும் இல்லை.

இனி உங்கள் பக்கம். ஞாபகத்தைப் பற்றி நான் சொல்வது என் சொந்த அனுபவம், அதற்கு மேல் அதை இழுக்க மாட்டேன். சின்ன வயதில் நான் உயிராக நினைத்த ஒரு கதையில் துறைமுகத்தில் இரண்டு நண்பர்கள் பிரியும் காட்சி வரும். கப்பல் நகர்கிறது, கரையில் நிற்பவன் கையை உயர்த்தவில்லை, மழைத் தூறல், கயிறு தண்ணீரில் விழும் சத்தம், இரண்டு பக்கமாவது இருக்கும் என்று ஞாபகம். 20 வருஷம் கழித்து அதே பழைய பிரதியை எடுத்துப் பார்த்தால் மூன்று வரி. மழையே இல்லை, கயிறும் இல்லை, கப்பல் போனது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். முதலில் பகீர் என்றது. அப்புறம் அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அதில் அவன் கையை உயர்த்தவில்லை என்பது மட்டும் இருந்தது. மழையையும் கயிற்றையும் அதிலிருந்து நான் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் பயத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: நீங்கள் நேசித்ததில் ஒரு பகுதியை நீங்கள் எழுதினீர்கள், ஆனால் எழுத வைக்கிற அந்த ஒரு வரி அங்கே நிஜமாகவே இருந்தது. ஐந்தாம் பாகம் மூன்று வரியோடு போட்டி போடவில்லை, உங்கள் இரண்டு பக்கத்தோடு போட்டி போடுகிறது. எப்பேர்ப்பட்ட எழுத்தாளருக்கும் அது கடினம்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மாதம் ஐந்தாம் பாகத்தைத் தொடாதீர்கள். அப்புறம் நான்காம் பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயத்தை, மனப்பாடம் என்றாலும் பரவாயில்லை, எழுத்து எழுத்தாகப் படியுங்கள், உடனே ஐந்தாவதின் முதல் மூன்று அத்தியாயத்தைப் பென்சிலோடு படியுங்கள். "அவள் இப்படிச் செய்ய மாட்டாள்" என்று தோன்றும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பாருங்கள், அவள் மாறியதை யாராவது கவனிக்கிறார்களா, அவளே நினைத்துப் பார்க்கிறாளா, ஒரு பழைய நண்பன் முகம் சுளிக்கிறானா. நேரடியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இல்லை, ஒரு அடையாளம் போதும். முக்கால்வாசிக் கோடுகளுக்கு அடையாளம் கிடைத்தால் உங்களுக்கும் எழுத்தாளருக்கும் இடையில் இருப்பது கருத்து வேறுபாடு. கிடைக்காவிட்டால் அவர் வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்றே எழுதியிருக்கிறார். இரண்டும் கலந்துதான் இருக்கும், என் அனுபவத்தில் சுத்தமாக ஒரு பக்கம் விழுந்ததே இல்லை.

ஆறாம் பாகம் படிக்கலாமா என்பதற்கும் அந்தக் கோடுகள்தான் பதில். கருத்து வேறுபாடு என்றால் படியுங்கள், ஏனென்றால் பாதி வாதத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போனதாக ஆகும். புல்மனின் 2019 புத்தகம் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு நின்றது, முடிவுப் பாகம் வர 2025 ஆனது, நடுவில் ஆறு வருஷம் எல்லோரும் பாதியை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மறதி என்றால் விட்டுவிடலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். எழுத்தாளரே எழுதிவிட்டதால் ஐந்தாவதும் உங்களுக்குக் "கேனான்", அதாவது கதையின் அதிகாரப்பூர்வப் பகுதி, ஆகிவிடுமா என்ற சர்ச்சையில் எனக்கு ஆர்வம் இல்லை. அவருக்கு எழுத உரிமை இருக்கிறது, உங்களுக்கு நான்காம் பாகத்தோடு மூடிவைக்க உரிமை இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன், படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாது. எர்த்ஸீ மூன்றாம் கதையில் டிராகன் எழும்போது, அது எந்தப் பாறையில் இறங்கும், யார் அங்கே வந்து அவனைத் தாங்கிப் பிடிப்பாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. முதல் சில வருஷம் அது இடைஞ்சலாக இருந்தது.

தங்கை விஷயம் எளிது. நான்கு பாகங்களை மட்டும் அவள் கையில் கொடுங்கள், உங்கள் பழைய பிரதியையே கொடுத்தால் இன்னும் நல்லது. ஐந்தாவதைப் பற்றி நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம், முக்கியமாக உங்கள் ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டாம், அவள் இன்னும் கதைக்குள் போகவே இல்லை. நான்காவதை முடித்துவிட்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள், முடிந்தால் எங்கேயாவது எழுதி வையுங்கள். ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்று ஒருநாள் எப்படியும் தெரிந்துகொள்வாள், அப்போது மறைக்காமல் எடுத்துக் கொடுங்கள், ஓரத்தில் நீங்கள் போட்ட பென்சில் கோடுகளை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள்.